கூரைக்குத் தருவதில்லை

சிஸ்டரம்மாவுக்கு இரண்டு வகை மனிதர்களைக் கண்டால் ஆகாது. தர்மம் கொடுக்கிறவர்கள் ஒரு வகை, தர்மம் கேட்கிறவர்கள் இன்னொரு வகை. முன்னவர்களுக்கு மூக்கு வானத்தில், பின்னவர்களுக்கு முதுகு வில்லாக. நிமிர்ந்து நிற்கிறவள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்பது அவள் கட்சி.

அரசு ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு விஷயம் அவள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. இடுப்பெலும்பு ஒட்டவைத்த ஆளை டாக்டர் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வீட்டில் கட்டில் இருக்காது. பிடித்து நடக்க வாக்கர் இருக்காது. கொஞ்ச நாளில் அதே ஆள் முதுகெல்லாம் படுக்கைப் புண்ணோடு திரும்பி வருவார். ஆகவே ஓய்வு பெற்றதும், ஆஸ்பத்திரி கழித்துக்கட்டி ஏலம் விட்ட சக்கர நாற்காலிகளையும் வாக்கர்களையும் ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பழுது பார்த்தாள், பெயிண்ட் அடித்தாள், வேண்டியவர்களுக்கு இரவல் கொடுத்தாள். உடம்பு தேறியதும் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பிறகு மடக்குக் கட்டில் சேர்ந்தது, கமோடு நாற்காலி சேர்ந்தது, காற்றடைத்த மெத்தைகள் சேர்ந்தன. பதிவு செய்த பெயர் என்னவோ நீளமாக ஒன்று இருந்தது. ஊர் வைத்த பெயர் கட்டில் கடை.

கடை இருந்தது ஒரு லாரி ஷெட்டின் பின்பாதியில். லாரிக்காரர் சும்மாதான் கொடுத்திருந்தார். சும்மா கொடுத்தேன் என்பதைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே வாடகையைவிட அதிகமாக வசூலித்துவிட்டார் என்பாள் சிஸ்டரம்மா. கூரைத் தகரம் சல்லடை. மழை வந்தால் வாளிகள் வரிசையாக உட்கார்ந்துவிடும். போன மழையில் இரண்டு மெத்தைகளின் காற்றடிக்கும் பம்புக்குள் தண்ணீர் இறங்கி, போட்டதும் 'டப்' என்று உயிரை விட்டன. பஞ்சு மெத்தைகளில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது.

"சோப்பு அறக்கட்டளையில கேளுங்களேன் சிஸ்டர்," என்றார் லாரிக்காரர், வாளிகளைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டே. "அவங்க இந்த ஊருக்குன்னே கொடுக்கறாங்களாம். கூரையை மாத்திடலாம்."

சோப்பு அறக்கட்டளை என்பதும் ஊர் வைத்த பெயர்தான். ஊருக்கு வெளியே இருந்த பெரிய சோப்புக் கம்பெனியின் முதலாளி சாகும்போது சொத்தில் ஒரு பங்கை, இந்த ஊர் ஜனங்களுக்காக மட்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை இப்போது அவர் மகள் தலைமையில் ஒரு குழு நடத்தியது. ஊரில் இருக்கிற சிறு சங்கங்கள் கேட்டால் நிதி தரும்.

"ஊரையெல்லாம் புகையில குளிப்பாட்டினவன், இப்ப சோப்பு போட்டுக் கழுவறானா?" என்றாள் சிஸ்டரம்மா.

ஆனால் அவளுடைய கொழுந்தன் விடவில்லை. கணவனின் தம்பி. இன்சூரன்ஸ் கம்பெனியில் காலமெல்லாம் பாலிசி விற்றவர். அண்ணன் போன பிறகு அண்ணிக்குத் துணையாகச் சங்கத்தின் பொருளாளர் பதவியை ஏற்றுக்கொண்டிருந்தார். பொருள் இல்லாத சங்கத்துக்குப் பொருளாளர் என்று சிஸ்டரம்மா அவரை அறிமுகப்படுத்துவாள். அவர் அதையும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்வார்.

"விளக்கக் கூட்டம் வைக்கறாங்க அண்ணி. எப்படி விண்ணப்பிக்கறதுன்னு சொல்லித் தருவாங்களாம். போய் உட்கார்ந்து கேட்டுட்டு வருவோம், காசா பணமா?"

"பிச்சை எடுக்க வகுப்பா? நடத்துங்க."

போனார்கள்.

அறக்கட்டளை அலுவலகத்தின் மாடியில் ஒரு கூடம். ஏசி குளிரில் பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் சட்டையிலும் பெயர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சிஸ்டரம்மா தன்னுடையதை வாங்கித் தண்ணீர் பாட்டிலின் மேல் ஒட்டினாள். தெருநாய்களுக்குச் சிகிச்சை செய்யும் அக்கா தங்கை, முதியோர் இல்லம் நடத்தும் கடுகடுத்த மனிதர், சிறைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஒரு மெல்லிய பெண், இப்படி நாலைந்து வரிசை நிறைய ஆட்கள். எல்லார் முகத்திலும் ஒரே மாதிரி ஒரு பணிவு, ஒரே கடையில் வாங்கியதுபோல.

முதல் வரிசையில் கேமரா உட்கார்ந்திருந்தார். தெருவில் படுப்பவர்களுக்குப் போர்வை கொடுக்கும் சங்கத்தின் தலைவர். அவர் ஒரு போர்வை கொடுத்தால் அதை எட்டுப் பேர் பிடித்திருப்பார்கள், வாங்குகிறவன் படத்தில் தெரியவே மாட்டான். அதனால் அந்தப் பெயர்.

பேச வந்தவன் ஓர் இளைஞன். நிதித் திட்டங்களைப் பார்க்கும் அதிகாரி. சட்டையில் மடிப்பு கத்தி போல நின்றது. உட்கார்ந்தால் கசங்கிவிடுமோ என்பதுபோல நின்றுகொண்டே பேசினான். "இஸ்திரிப் பெட்டிக்கே கை கால் முளைச்சு வந்த மாதிரி இருக்கான்," என்று சிஸ்டரம்மா கொழுந்தன் காதில் சொன்னாள். அந்த நிமிஷத்திலிருந்து அவன் பெயர் இஸ்திரி.

"முதல் விஷயம்," என்றான் இஸ்திரி. "எங்ககிட்ட பேசாம எழுதாதீங்க. ஒரு போன் பண்ணுங்க. உங்க வேலை எங்க நோக்கத்துல வருதான்னு நானே சொல்லிடுவேன். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

"கேட்டியா, போன்ல ஒரு தடவை பல்லைக் காட்டணுமாம். அப்புறம் நேர்ல ஒரு தடவை."

"அண்ணி, மெதுவா."

"அடுத்தது, பெரியவர் உயிலில் என்ன எழுதியிருக்காருன்னு புரிஞ்சுக்கணும்…" என்று இஸ்திரி தொடர்ந்தான். திரையில் சோப்பு முதலாளியின் படம் வந்தது. கேமரா எழுந்து நின்று அந்தப் படத்தைத் தன் போனில் படம் எடுத்தார். பிறகு திரும்பி, தானும் முதலாளியும் சேர்ந்து இருப்பதுபோல ஒன்று எடுத்துக்கொண்டார். சிஸ்டரம்மாவுக்கு விக்கல் மாதிரி ஒரு சிரிப்பு வந்தது. "செத்தவன்கூட நிக்கறதுக்கும் ஒரு முகராசி வேணும்ல," என்றாள். கொழுந்தன் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு குலுங்கினார். அந்த நேரத்தில், எதற்கெல்லாம் நிதி தரமாட்டார்கள் என்ற பட்டியல் திரையில் வந்து, இஸ்திரியின் வாயால் படிக்கப்பட்டு, போய்விட்டது. இருவரும் தலை நிமிர்ந்தபோது திரையில் 'நன்றி' என்று இருந்தது.

விண்ணப்பம் எழுதுவதில் வீட்டில் சண்டை நடந்தது. முதல் பிரதியைக் கொழுந்தன் எழுதினார். பாலிசி விற்ற கை அல்லவா, தேன் சொட்டியது. 'நலிவுற்றோரின் விழிநீர் துடைக்கும் விடிவெள்ளியாக' என்று தொடங்கி மூச்சு விடாமல் முக்கால் பக்கம் ஓடியது.

"யாரு இந்த விடிவெள்ளி?" என்றாள் சிஸ்டரம்மா.

"நீங்கதான் அண்ணி."

"நான் மலச்சட்டி கழுவினவ. கிழிச்சுப் போடு."

அவளே உட்கார்ந்தாள். 'உங்கள் தொலைநோக்கு என்ன?' என்ற கேள்விக்கு, 'கூரை ஒழுகாமல் இருப்பது' என்று எழுதினாள். 'பயன்பெறுவோர் யார்?' என்பதற்கு, 'முதுகு உள்ள எல்லாரும்'. 'நிதி எதற்காக?' என்பதற்கு, 'மேலே சொன்னேனே, கூரைக்கு'. கொழுந்தன் படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இப்படி எழுதினா எவன் கொடுப்பான் அண்ணி? கொஞ்சம் நெளிவு சுளிவு வேண்டாமா? அந்தத் தம்பி போன் பண்ணச் சொன்னானே, ஒரு வார்த்தை…"

"கூரை ஓட்டைன்னு சொல்ல எதுக்கு போன்? ஓட்டை இருக்கு. அவன்கிட்ட காசு இருக்கு. கொடுக்கறதுன்னா கொடுக்கட்டும், இல்லேன்னா அவன் காசை அவனே சோப்பு போட்டுக் கழுவிக்கட்டும்."

விண்ணப்பம் அப்படியே போயிற்று.

பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். உங்கள் சேவையை மதிக்கிறோம், இம்முறை இயலவில்லை, தொடர்ந்து முயலுங்கள். கூடவே ஊரில் செய்தி பரவியது: கேமராவுக்குக் கிடைத்துவிட்டது.

சிஸ்டரம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. போர்வையில் பாதிக்கு மேல் நூலே இல்லை, துண்டுக்குப் பெரியண்ணன் என்று சொல்லலாம், அவனுக்கா! கொழுந்தன் தடுத்தும் கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வார்டில் ஒரு காலத்தில் பெரிய டாக்டரையே நடைபாதையில் நிறுத்திக் கேள்வி கேட்ட நடை அது. அலுவலகக் காவலாளி எழுந்து வழிவிட்டான்.

இஸ்திரி தன் மேஜையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். அப்படிப் பார்த்தபோது மேடையில் பார்த்ததைவிட வயது குறைந்தவனாகத் தெரிந்தான். அதற்காகவெல்லாம் அவள் இறங்கி வருவதாக இல்லை.

"தம்பி, ஒரே ஒரு கேள்வி. உங்களுக்குச் சேவை வேணுமா, போட்டோ வேணுமா?"

அவன் எழுந்து நின்றான். "உட்காருங்க மேடம்."

"மேடம் கீடம் வேண்டாம். படுக்கைப் புண்ணுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? எலும்பு தெரியும். நான் அதை ஊர்ல பாதியாக் குறைச்சிருக்கேன். அவன் எட்டுப் பேரை வரிசையா நிக்க வெச்சு ஒரு துணியைக் கொடுக்கறான். அவனுக்குக் கொடுக்கறீங்க. எனக்குக் கடுதாசி அனுப்பறீங்க. எந்த ஊர் நியாயம் இது?"

அவன் அவள் முடிக்கும்வரை நின்றான். பிறகு டப்பாவை மூடி ஓரமாகத் தள்ளினான்.

"சிஸ்டர், நான் அன்னைக்குக் கூட்டத்துல மூணு தடவை சொன்னேன். கட்டடத்துக்குத் தர்றதில்லை. புதுசா கட்டவும் கூடாது, பழுது பார்க்கவும் கூடாது. உயில்லயே அப்படித்தான் இருக்கு. கூரை கட்டடம்தானே?"

சிஸ்டரம்மா குடையை மேஜையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அதோட நான் விசாரிச்சேன், அந்த ஷெட் உங்க சங்கத்தோடது இல்லை. லாரிக்காரரோடது. நாங்க கூரை போட்டுக் கொடுத்தா, புதுக் கூரையோட அவர் அதை நாளைக்கே வேற ஒருத்தருக்கு வாடகைக்கு விடலாம். உங்களை வெளிய அனுப்பலாம். எழுதி வாங்கியிருக்கீங்களா?"

எழுதி வாங்குவதா? லாரிக்காரர் வாளிகளைப் பார்த்து உச்சுக்கொட்டிய சத்தம் அவள் காதில் இப்போது வேறு மாதிரி கேட்டது. கூரையை மாற்றிவிடலாம் என்று அவர்தானே சொன்னார். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. அதில் அகப்பையாக இருந்தது, மனிதர்களை ஊடுருவிப் பார்க்கிறவள் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டிருந்த சிஸ்டரம்மா.

"அந்தக் கேமரா… அந்த ஆளுக்கு எதுக்குக் கொடுத்தீங்க?" குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சலவை வண்டி. ஒரு வேனுக்குள்ள துணி துவைக்கற மெஷின் வெச்சு, தெருவுல படுக்கறவங்க போர்வை, துணியெல்லாம் துவைச்சுக் கொடுக்கற திட்டம். எழுதறதுக்கு முன்னாடி அஞ்சாறு தடவை போன் பண்ணினார். உயில்ல என்ன இருக்குன்னு வரிக்கு வரி கேட்டார். சுத்தம், உடல்நலம், இந்த ஊர் ஜனம், இந்த மூணுக்குத்தான் நாங்க தர முடியும்."

சோப்புக் கம்பெனிக்காரனிடம் சலவை வண்டி கேட்டிருக்கிறான்! சிஸ்டரம்மாவுக்குக் கேமராவின் மேல் இருந்த வெறுப்பு கூடியது. முட்டாள் என்று நினைத்து வெறுப்பது சுகமாக இருந்தது. இனி அது முடியாது.

"அவன் வேலை நல்ல வேலைன்னு நினைக்கறியா நீ?"

"சுமார்தான்," என்றான் இஸ்திரி, கதவைப் பார்த்துக்கொண்டு. "ஆனா அவருக்குக் கேட்கத் தெரியுது."

"கேட்கத் தெரிஞ்சவனுக்குத்தான் கொடுப்பீங்களா?"

"கேட்காதவங்களுக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை சிஸ்டர். நீங்க செய்யறது முழுக்க சுத்தமும் உடல்நலமும்தான். புண்ணு வராம பார்த்துக்கறீங்க. திரும்பி வர்ற மெத்தையைக் கழுவி, மருந்து போட்டுக் காயவெச்சு அடுத்தவங்களுக்குக் கொடுக்கறீங்க. உங்க விண்ணப்பத்துல அதைப் பத்தி ஒரு வரி இல்லை. கூரை, கூரை, கூரை. நான் எதைக் கொண்டுபோய்க் குழு முன்னாடி வைக்கறது?"

அவன் சொன்னது அத்தனையும் சரி என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அவன் ஒரு காகிதத்தை எடுத்து, சொல்லிக்கொண்டே எழுதினான். வாடகை கேட்கலாம். ஒழுகாத இடத்துக்கு மாறலாம். கழுவிக் காயவைக்கத் தொட்டியும் ரேக்கும் கேட்கலாம். சாமான்களை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆளுக்குச் சம்பளம் கேட்கலாம். போன வருஷம் எத்தனை வீட்டுக்குப் போயிற்று, எத்தனை திரும்பி வந்தது என்று கணக்குக் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து, இவர்களிடம் நாங்கள் நோயாளிகளை அனுப்புகிறோம் என்று ஒரு கடிதம் வேண்டும். சங்கத்தின் வரவு செலவைத் தணிக்கை செய்திருக்க வேண்டும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, எழுதும் முன் அவனுக்கு ஒரு போன்.

"அப்புறம் 'தாக்கம்'னு ஒரு கேள்வி வரும்," என்றான். "அதுக்கு…"

"தாக்கம்னா?"

"நீங்க இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்னு அர்த்தம்."

"அப்படிக் கேட்டா என்ன கொள்ளையா போகுது?" என்றாள் சிஸ்டரம்மா. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். நன்றி சொல்லவில்லை. வாசலில் நின்று, "சோறு ஆறிப்போச்சு. சாப்பிடு," என்றாள்.

நேராக லாரி ஷெட்டுக்குப் போனாள். லாரிக்காரர் ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"கூரை போட்டா எங்களுக்கு எத்தனை வருஷத்துக்கு இடம்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

"என்ன சிஸ்டர், நமக்குள்ள எழுத்தெல்லாம்…" என்று அவர் இழுத்தார். இழுத்த இழுப்பிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"உங்க தகரத்தை நீங்களே வெச்சுக்குங்க. வாளி மட்டும் எங்களோடது."

அடுத்த சுற்று நிதி வரும்வரைக்கும் கட்டில் கடை ஷெட்டில்தான் இருந்தது. அதுவரை அவளும் லாரிக்காரரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. கொழுந்தன்தான் இடையில் தூது. கணக்கு எழுதும் வேலை அவர் தலையில் விழுந்தது. விடிவெள்ளியை விட்டுவிட்டு, இரவல் போன வீடுகளையெல்லாம் உட்கார்ந்து எண்ணினார். எண்ணி முடித்ததும் நோட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். "அண்ணி, இவ்வளவு வீடா?" என்றார். சிஸ்டரம்மா போனை எடுத்து இஸ்திரியின் எண்ணை அழுத்தினாள். வேப்பெண்ணெய் குடிக்கிற முகம். "தம்பி, நான்தான். சொல்லு, எப்படி எழுதணும்?"

விண்ணப்பம் முதல் கட்டம் தாண்டியது. அடுத்தது நேரில் பார்வையிடல். முதலாளியின் மகளே வருவதாகத் தகவல் வந்தது.

வந்தாள். நடுத்தர வயது, நெற்றிக்கு மேல் கறுப்புக் கண்ணாடி, அவள் இறங்கும் முன்பே அவளுடைய வாசனை காரிலிருந்து இறங்கி வந்தது. பின்னால் இஸ்திரி, அவனுக்குப் பின்னால் படம் எடுக்க ஓர் ஆள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள், கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கும் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், கமோடு நாற்காலியை மட்டும் பூந்தொட்டி வைக்கும் ஸ்டாண்டு என்று நினைத்தாள். கொழுந்தன் திருத்தாமல் புன்னகைத்தார்.

"நான் ஒரு பயனாளியைப் பார்க்கணுமே," என்றாள்.

நேரம் அப்படி, அதே சமயம் ஒரு பெண் ஆட்டோவிலிருந்து காற்று மெத்தையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பஸ் டிரைவரின் மனைவி. படுக்கையாகக் கிடந்த மாமனாருக்காக வாங்கிப் போயிருந்தாள்.

"இவங்களா?" முதலாளி மகள் முகம் மலர்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்கம்மா. இந்த மெத்தை உங்க குடும்பத்துல என்ன மாற்றம் கொண்டு வந்துச்சு?"

அந்தப் பெண் சிஸ்டரம்மாவைப் பார்த்தாள், பிறகு பிடிபட்ட தன் கையைப் பார்த்தாள்.

"மாற்றம்னா… மாமனார் போயிட்டாருங்க. போன வாரம். அதான் திருப்பிக் கொடுக்க வந்தேன்."

கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று அவர் உதடு அசைந்தது.

"ஆனா," என்றாள் அந்தப் பெண், சிஸ்டரம்மாவிடம், மற்றவர்கள் அங்கே இல்லாததுபோல. "கடைசியா குளிப்பாட்டறப்ப எல்லாரும் பார்த்தாங்க சிஸ்டர். முதுகுல ஒரு புண் கிடையாது. குழந்தை முதுகு மாதிரி இருந்துச்சு. எங்க நாத்தனார் வாயைத் திறக்கல. இல்லேன்னா, எங்கப்பாவைச் சரியாப் பார்க்கலன்னு என்னை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பா."

சிஸ்டரம்மா மெத்தையை வாங்கிக் கீழே வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். இத்தனை வருஷ வேலையில் அவளுக்கு யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெரிய டாக்டர்கள் சொன்ன பாராட்டெல்லாம் காதோடு போனவை.

முதலாளி மகளின் கண்கள் கலங்கியிருந்தன. அது உண்மையான கலக்கம்தான், ஆனால் உடனே அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட்டாள்.

"எவ்வளவு அழகா சொன்னாங்க! இதைப் படம் எடுக்கணும். அம்மா, நீங்க அந்த மெத்தையை இப்படி மார்போட அணைச்சுக்கிட்டு, கொஞ்சம் மேல பார்த்து…"

பஸ் டிரைவரின் மனைவி ஓரடி பின்னால் போனாள். "எங்க வீட்டுல சாவு நடந்திருக்குங்க. எனக்கு வேண்டாம்."

"ஒரே ஒரு படம்…"

படம் எடுக்கிற ஆள் முன்னால் வந்துவிட்டான். இஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொழுந்தன் சிஸ்டரம்மாவைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார்: அண்ணி, தயவுசெய்து, இன்னைக்கு மட்டும் வாயைத் திறக்காதீங்க. நாக்கின் நுனிவரை வந்து நின்ற வார்த்தைகள் சிஸ்டரம்மாவுக்கே தெரியும். ஒன்று வெளியே விழுந்தாலும் வாடகை போச்சு, தொட்டி போச்சு, இனி புண் வரப்போகிற முதுகெல்லாம் போச்சு.

"அந்தப் பொண்ணு போகட்டும்," என்றாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "படம்தானே வேணும்? நான் உட்கார்றேன்."

கையருகே இருந்த சக்கர நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்தாள். வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பேரைத் தள்ளிக்கொண்டு போனவள் அதில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. படம் எடுக்கிறவன் கொஞ்சம் சிரிக்கச் சொன்னான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் அடுத்த யோசனையை விழுங்கிக்கொண்டான். முதலாளி மகள் பின்னால் வந்து நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்து நின்றாள். பஸ் டிரைவரின் மனைவி சத்தமில்லாமல் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

நிதி கிடைத்தது. முழுதும் இல்லை, கேட்டதில் பெரும்பகுதி. கட்டில் கடை, மூடிப்போன ஒரு மருந்துக் கடையின் தரைத்தளத்துக்கு மாறியது. மேலே கான்கிரீட். பின்கட்டில் மெத்தை கழுவத் தொட்டி, காயவைக்க ரேக், சாமான்களை வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு வலுவான ஆள். முதல் மழைக்குச் சிஸ்டரம்மா கடை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. அதிலும் குறை கண்டுபிடித்தாள், ஜன்னல் சின்னதாம்.

அதற்குப் பிறகுதான் அறக்கட்டளையின் ஆண்டறிக்கை அச்சாகி ஊரெல்லாம் போயிற்று. வழவழப்பான காகிதம். ஆஸ்பத்திரி, நூலகம், வங்கி எங்கும் ஒரு பிரதி. அன்று காலையிலிருந்து சிஸ்டரம்மாவின் போன் ஓயவில்லை. முதலில் கூட வேலை பார்த்த ஒரு சிஸ்டர், "எப்பம்மா விழுந்தே? ஒரு வார்த்தை சொல்லலியே?" என்று அழுதாள். அடுத்து ஓய்வு பெற்ற எலும்பு டாக்டர், எந்தக் கால் என்று விசாரித்தார். மூன்றாவதாகத் தங்கை மகன், பெரியம்மாவுக்கு இப்படி ஆனதை மறைத்துவிட்டார்களே என்று கொழுந்தனைத் திட்டினான்.

கொழுந்தன் அறிக்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார். அவள் பிடுங்கிப் பார்த்தாள். நடுப்பக்கம் முழுக்க அவள்தான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து உலகத்தையே முறைத்துக்கொண்டு. பின்னால் தலைசாய்ந்த முதலாளி மகள். கீழே கொட்டை எழுத்தில்: 'முடங்கிக் கிடந்த மூதாட்டிக்கு அறக்கட்டளை அளித்த மறுவாழ்வு.'

கொழுந்தனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. மெத்தை அடுக்கின் மேல் விழுந்து சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, "விழிநீர்… விழிநீர் துடைக்கும்…" என்று திக்கினார்.

"சிரி. உங்க பரம்பரைக்கே மூளை வயித்துலதான்," என்றாள் சிஸ்டரம்மா. ஆனால் அவள் உதட்டின் ஓரமும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

போன் மறுபடி அடித்தது. இஸ்திரி.

"சிஸ்டர், மன்னிச்சுக்குங்க. நான் அனுப்பின குறிப்புல சரியாத்தான் எழுதியிருந்தேன். மேலிடத்துல யாரோ மாத்திட்டாங்க. திருத்தம் போடச் சொல்றேன். ஒரு தனிக் காகிதம் அடிச்சு எல்லாப் பிரதியிலயும் வைக்கச் சொல்லி…"

"அதுக்கு எவ்வளவு செலவாகும்?"

"அது… கொஞ்சம் ஆகும்தான்."

"அந்தக் காசுல ஒரு கமோடு நாற்காலி வரும். திருத்தமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உங்க முதலாளி பொண்ணு என்னை எழுந்து நடக்க வெச்சதாவே இருக்கட்டும். அவ கண்ணுக்கு நான் மூதாட்டின்னா, என் கண்ணுக்கு அவ யாருன்னு நான் சொல்லல. கேக்காதே."

மறுமுனையில் ஏதோ இருமல் போல ஒரு சத்தம் வந்தது. அவன் சிரித்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

"அதை விடு," என்றாள் சிஸ்டரம்மா, மெத்தை மேல் கிடந்த கொழுந்தனிடம் பேனாவுக்குக் கையை நீட்டிக்கொண்டே. "ஆக்சிஜன் மெஷின் உடல்நலத்துல வருமா வராதா? வரும்னா எப்ப எழுதணும், சொல்லு."